ஒன்பது திர்ஹம்

ராஸ் அல் கைமா, நகீல், கடைத்தெருவின் கடைசி.
கண்ணாடிக் கதவில் லாண்டரி என்று
மூன்று மொழியில் எழுதியிருக்கும்.
தமிழில் இல்லை.

ஹுமைத் வியாழன்தோறும் வருவான்.
வண்டியை அணைக்க மாட்டான்,
ஹாரனை ஒருமுறை தொடுவான்.
மணல் நிறத்தில் இரண்டு ஜோடி.
கஞ்சி குறைவாகப் போடு, கழுத்தை அறுக்கிறது என்பதை
பாதி இந்தியிலும்
மீதி கழுத்தைத் தடவியும் சொல்வான்.

கடைசியாகப் போட்டது
ஒரே ஒரு ஜோடி, ஒரு தொப்பி.
டோக்கன் நானூற்றுப் பதினேழு.
ஒன்பது திர்ஹம் பாக்கி.
காற்சட்டைப் பையில் பெட்ரோல் ரசீது ஒன்று,
பாதி மென்ற மிஸ்வாக் குச்சி.
இரண்டையும் கவரில் போட்டு
ஹாங்கரில் குத்திவைத்தேன்.

மூன்று வியாழன் போனது.
எதிர்க்கடை கஃபத்தேரியா பையன்
பழைய பேப்பரில் பரோட்டா மடிக்கும்போது
முகத்தைப் பார்த்துவிட்டுத்
தெருவைக் கடந்து ஓடிவந்தான்.
அந்தத் தாளில் அவன் எதையும் மடிக்கவில்லை.

யமன் என்றார்கள். ஊர்ப்பெயரும் சொன்னார்கள்,
மனதில் நிற்கவில்லை.

என் அண்ணன் ஜெயவேலு,
மெட்ராஸ் ரெஜிமென்ட், நாயக்.
அவன் கிடந்த இடத்துக்கு ஊர்ப்பெயரே கிடையாது,
பனியில் ஓர் எண்தான்.
பதினோரு நாள் தோண்டினார்கள்.
கண்ணமங்கலத்துக்குப் பெட்டி வந்த காலையில்
முதலாளி ஹஜ்ஜில்,
என் பாஸ்போர்ட் அவர் மேஜை இழுப்பறையில்,
சாவி அவரோடு.
வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள்.
போனில் அது
தீபாவளி மிச்சம் வெடிப்பது மாதிரி இருந்தது.
அண்ணிக்குக் கொடியை மடித்துக் கொடுத்தவருக்கு
ஓரம் நேராக வரவில்லை.
அழாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் தொழில் அப்படி.

இந்த விசாவுக்கு ஏஜென்டிடம் கட்டிய எழுபதாயிரம்
அவன் சம்பளத்தில் வந்தது.
"மெதுவா குடுடா,
நான் எங்க போயிடப் போறேன்."

ஹுமைத்தின் உடுப்பை மறுபடி தேய்த்தேன்,
தூசு படிந்திருந்தது என்று.
அடுத்த நாளும் தேய்த்தேன்.
அன்று தூசு இல்லை.
தோள்பட்டையில் ஆரம்பித்து, கை, முதுகு,
பெயர் தைத்த பட்டையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு,
கழுத்துக்குக் கஞ்சி போடாமல்.

அவன் அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்,
அஸர் தொழுகை முடிந்து.
டோக்கன் இல்லை. பெயரைச் சொன்னார்.
கவரைப் பிரித்து
குச்சியைத்தான் முதலில் எடுத்தார்.
பல் பட்ட முனையைக்
கொஞ்ச நேரம் பார்த்தார்.
எவ்வளவு என்றார்.
வேண்டாம் என்றேன், நெஞ்சில் கைவைத்து.
"என் பிள்ளை கடனோடு கிடக்கிறான்.
வாங்கிக்கொள்."
பத்துத் திர்ஹம் தாள்.
ஒரு திர்ஹம் மீதி கொடுத்தேன்.
அதைப் பைக்குள் போடாமல்
கையிலேயே வைத்துக்கொண்டார்.

வண்டியில் கொக்கி இருந்தது. மாட்டவில்லை.
பின்சீட்டில் உட்கார்ந்து
மடிமேல் நீளவாக்கில் கிடத்திக்கொண்டார்.
டிரைவர் வேகத்தடைக்கு வேகத்தடை
அவ்வளவு மெதுவாகப் போனான்.

நவம்பர் முப்பது.
கொடிகள் அரைக்கம்பத்தில்.
பதினொன்றரைக்குத் தெரு நின்றது.
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தேன்.
கஃபத்தேரியாவில் எண்ணெய்ச் சத்தம் மட்டும்.
கிடைத்தது ஒரு நிமிடம்,
ஆள் இரண்டு பேர்.
யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாமல்
நேரம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்
அண்ணி பேருக்குப் பணம் கட்டினேன்.
அனுப்பும் காரணம் கேட்ட பையன்
குடும்பச் செலவு என்று தட்டப் போனான்.
இல்லை தம்பி, கடன் என்று போடு என்றேன்.
திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு
பட்டியலில் அப்படி ஒன்று இல்லையே அண்ணா என்றான்.